விசிறிக்குள் படிந்த பஞ்சு

அம்மா,

நம் லேப்டாப்பை இன்றைக்கும் போர்வைக்குள் வைத்துத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்துவிட்டது. நூல் கருகுகிற வாசனை. அதன் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சூடான காற்று என் மணிக்கட்டில் அடித்தது. நீ இருந்திருந்தால், "துணி மேல வைக்காதடி, அதுக்கு மூச்சு முட்டும்" என்று பிடுங்கிப் பலகை மேல் வைத்திருப்பாய். அதற்கு மூச்சு முட்டும் என்பது உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். இருமல் நின்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இன்னும் நிற்கவில்லை. அவர் எழுந்து வந்து இதைப் பார்த்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே எழுத்து கோணிக்கொண்டு போகிறது. இந்த வீட்டில் இனி யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். உன்னைக் கொன்றது இதுதானாம்.

நீ போன அன்று பந்தலில் உட்கார்ந்து அத்தைதான் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தாள். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் காரு ஓட்டிட்டே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகுமுங்க? ரெண்டு புள்ள பெத்த வயசுல பொம்பளைக்கு கேமு கேக்குதுங்க." எனக்குப் பின் பிறந்து தங்காமல் போன குழந்தையைக்கூட அந்த நேரத்தில் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

நீ இரவில் ஒரு நாள்கூட விளையாடியதில்லை. கரண்ட் போய் நம் விசைத்தறி நின்றால் விளையாடுவாய். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதபோது விளையாடுவாய். இரவில் நீ கண் விழித்தது உண்மைதான். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாய். அதை அப்பாவும் பார்த்திருக்கிறார்.

வாழப்பாடி மாமா தன் பழைய லேப்டாப்பை நான் படிப்பதற்காகக் கொடுத்தார். அதற்குள் அந்தக் கார் ரேஸ் ஏற்கெனவே இருந்தது. ஒரு முறை கரண்ட் போனபோது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ தலையில் பஞ்சோடு வந்து என் பின்னால் நின்றாய். "நவுருடி, நான் பாக்கறேன்" என்றாய். அப்பாவின் மொபெட்டைத் தொடக்கூட உனக்கு அனுமதி இருந்ததில்லை. முதல் வளைவிலேயே காரை மலையில் மோதினாய். அடுத்த ஞாயிறு யாரையும் முந்தவிடாமல் ஓட்டினாய்.

"தள்றா மூதேவி! பின்னால ஹாரன் அடிக்கறது காதுல உழல?"

"அம்மா, அதுல ஹாரனே இல்ல."

"அதான் அவன் நவுர மாட்டேங்கறான்."

வாசலில் இருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "ஏனம்மிணி, உங்கம்மா ஆரைத் திட்டறா?" நீ திரும்பாமலே, "உங்க தம்பிய இல்லீங்கண்ணி" என்றாய். அன்றைக்கு அத்தைகூடச் சிரித்தாள்.

பிறகு காருக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. முதல் இரண்டு சுற்றும் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது சுற்றில் படம் நின்று நின்று நகரும். நீ திருப்பிய பிறகு, கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். நான் வீடியோக்களைத் தேடினேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கும், படம் காட்டுகிற சிப்புக்கும் நடுவில் நின்று பேசுகிற மென்பொருள் அது என்று உனக்குச் சொன்னேன். "பேசறவன் சரியில்லன்னா மாத்திரு" என்றாய். செட்டிங்குக்குள் போய்த் தேடினால், மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தது.

"அதுவே அதுக்கு சர்டிபிகேட் குடுத்துக்குது பாரு" என்றாய்.

கம்பெனியின் தளத்திலிருந்து புதியதை இறக்கலாம் என்று உன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். பாதியிலேயே அன்றைய டேட்டா தீர்ந்துபோனது. அதற்குள் எனக்குப் பொறுமை போய், நிழலைக் குறைத்தேன், படத்தின் அளவைக் குறைத்தேன், பவர் செட்டிங்கை மாற்றினேன், இன்னும் என்னென்னவோ அழுத்தினேன். கார் முன்பைவிட மோசமாக ஓடியது. நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா, எதுல கோளாறுன்னு எப்படிடி தெரியும்? ஒண்ண மாத்து. ஓட்டிப் பாரு. அப்பறம் அடுத்தது."

தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் நீ அப்படித்தான் தேடுவாய். அந்த வாக்கியம் எனக்கு அப்படியே தங்கிவிட்டது.

மார்கழியில் வாழப்பாடிக்குப் போனோம். மாமா வீட்டு வைபையில் டிரைவர் முழுதாக இறங்கியது. போட்டுவிட்டு, சன்னலோரக் கல் மேடையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். எத்தனை சுற்றுப் போனாலும் விக்கவில்லை. நீ எழுந்து நின்று கைதட்டினாய். அங்கே இருந்த நாளெல்லாம் ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினாய்.

"என்னக்கா, வரும்போது நாலு படி ஏற மூச்சு வாங்குன. இப்ப பேச்ச நிறுத்த மாட்டேங்கற?" என்றார் மாமா.

"பொறந்த வீட்டுச் சோறுடா" என்றாய்.

லேப்டாப் சரியானதற்குப் புது டிரைவர் காரணம், நீ சரியானதற்கு மாமா வீட்டுச் சாப்பாடு காரணம் என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பினோம்.

திங்கட்கிழமை நீ தறிக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நூல் மூட்டை மேல் உட்கார்ந்தாய். அந்த வாரக் கடைசியிலேயே காரும் விக்கியது. புது டிரைவர்தான் ஒத்துவரவில்லையோ என்று பழையதற்கே திருப்பினேன். திரை கருப்பாகி அப்படியே நின்றது. நான் அழுதுவிட்டேன். நீ, "அணைச்சுட்டுப் போடு, அழுதா வந்துருமா" என்றாய். பெரும்பாடு பட்டுத் திரை வந்தது. விக்கல் மட்டும் போகவில்லை.

துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாய். சூரமங்கலத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. அங்கிருந்த அண்ணன் நான் சொன்ன டிரைவர் கதையையெல்லாம் கேட்டுவிட்டு, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு அடிமூடியைக் கழற்றினார்.

"ஏங்கக்கா, உங்க வீட்ல தறி ஓடுதா?"

"ஓடுதுங்க. எப்படித் தெரியும்?"

"டிரைவர் மேல பழி போடாதீங்க. இத பாருங்க, ஒரு கைக்குட்டையே நெய்யலாம்."

விசிறிக்கும், காற்று வெளியே போகிற சன்னலுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு பட்டை அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறி, சூடு தாங்காமல் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றார். வாழப்பாடியில் நன்றாக ஓடியதே என்று கேட்டேன். "மார்கழிக் குளிரு, கல்லு மேல வெச்சிருக்கீங்க. தாங்கிருக்கும்" என்றார்.

நீ அந்தப் பட்டையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய். அடுக்கு அடுக்காக நிறம் இருந்தது. "இந்தப் பச்சை ஆடியில ஓட்டுன துண்டு. இது தீவாளிக்குப் போட்ட ரோசு. மேல இருக்கற வெள்ளை இப்ப ஓடறது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. கடைக்கார அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, ஒரு பொட்டிக்குள்ளயே இவ்வளவு போயிருந்தா..." என்றாய். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். அவர் போன பிறகு நீ மிச்சத்தைச் சொல்லவில்லை. சங்ககிரி மலை தெரிகிற வரைக்கும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாய். "ஏனுங்க, தறிக் கொட்டாய்ல ஒரு சன்னல் தொறந்து உட்டா என்னங்க? ஒரு எக்ஸாஸ்ட் பேனாச்சும் போடலாமுங்க."

"காத்து பட்டா நூலு காஞ்சு அந்து போயிரும். தெரியாதா உனக்கு?"

"நானாச்சும் ஒருக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரனுங்க."

"போலாம். இந்தப் பாவு முடியட்டும்."

நீயும் தறியில் ஏற்றியிருந்த நூலைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க, பாவு முடியட்டும்" என்றாய்.

அம்மா, அப்பாவைவிட, அத்தையைவிட எனக்கு உன்மேல்தான் கோபம். அந்தப் பட்டையை உன் கையிலேயே பிடித்துப் பார்த்தாய். எந்தப் பாவின் தூசி என்றுகூடச் சொன்னாய். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார் என்று எனக்குச் சொன்னவள் நீ. வாழப்பாடியில் ஊர் ஒன்றுதான் மாறியது, உனக்கு மூச்சு சரியானது. அதற்கு மேல் என்ன தெரிய வேண்டியிருந்தது? லேப்டாப்புக்காகச் சேலம் வரைக்கும் பஸ் ஏறினாய். அதே சேலத்தில்தான் பெரியாஸ்பத்திரியும் இருக்கிறது. நாம் அதன் வழியாகத்தான் வந்தோம்.

முன்பு ஒரு டாக்டர் வீசிங் என்று சொல்லி, வாயில் அடிக்கிற பம்ப் ஒன்று கொடுத்திருந்தார். "அது பழகிப் போயிருமாம். அப்பறம் அது இல்லாம மூச்சே உட முடியாதாம்" என்று அத்தை சொன்னாள். நீ அதை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாய். அந்தப் பாவு முடியும் முன்பே, ஒரு திங்கட்கிழமை தறிக் கொட்டாயில் நீ விழுந்தபோது நான் ஓடிப்போய் அதை எடுத்து வந்தேன். உனக்கு உறிஞ்ச மூச்சில்லை. ஆம்புலன்ஸ் சங்ககிரியைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது.

பாவு என்றைக்கும் முடியாது என்பது உனக்குத் தெரியும்தானே? பழைய பாவு தீரும் முன்பே ஆள் வந்து, புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக அதன் நுனியோடு பிணைத்துவிட்டுப் போகிறார். தறியில் முடிவென்று ஒன்று வருவதே இல்லை. நீ விட்ட வெள்ளைப் பாவோடு அப்படித்தான் நீலத்தைப் பிணைத்தார்கள். அந்த நீலத்தை ஓட்டுவது நான்.

பரீட்சை முடிந்ததும், "லீவுல மட்டும் அம்மணி" என்று அப்பா உன் தறியில் நிறுத்தினார். ரிசல்ட் வந்தது. நல்ல மார்க்தான். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கை நடக்கிறது, என்னோடு படித்தவர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். நேற்று அப்பாவிடம் கேட்டேன். தறியைப் பார்த்துக்கொண்டே, "சேந்துக்கலாம் அம்மணி. இந்தப் பாவு முடியட்டும்" என்றார். இன்றைக்கு மத்தியானம் பாவு பிணைக்கிறவர் வந்தார். நீலத்தின் நுனியில் மஞ்சளைப் பிணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் எனக்கு நெஞ்சைச் சுற்றிப் பெல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது. நீ சொன்னபடி ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரை நிறுத்தினேன், குறையவில்லை. துப்பட்டாவை மூக்கில் கட்டினேன், கொஞ்சம் குறைந்தது. அத்தை பெண்ணின் கல்யாணத்துக்காக இரண்டு நாள் தறிப் பக்கம் போகவில்லை, சுத்தமாக இல்லை. எதில் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா. அதனால்தான் பயம்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். தையல் மெஷின் டப்பாவிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கடைக்கார அண்ணன் செய்தது போலவே லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. சுவருக்கு அப்பால் இருமல் ஒரு நிமிடம் நின்று, மறுபடி தொடர்ந்தது. விசிறியை ஒட்டிப் பட்டை மறுபடி உட்கார்ந்திருந்தது. மெல்லியதுதான். முழுவதும் நீலம்.

அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்துதான் கேம் மேல் பழி போட்டிருக்கிறார். தறிதான் என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால், அடுத்த நாள் காலை அந்த சுவிட்சை எந்தக் கையால் போடுவார்? அது புரிகிறது. புரிந்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ இரவெல்லாம் விளையாடினாய் என்று அத்தை சொன்னபோது அவர் "ஆமாங்க" என்றிருக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் லேப்டாப்பைத் திறந்த வயிற்றோடு கொண்டுபோய் உன் தறியில், நெய்த துண்டின் மேல் வைக்கப் போகிறேன். பட்டையைப் பக்கத்தில் வைப்பேன். அதே நீலம், அதே நூல். காலையில் சுவிட்சுக்குக் கை போகும் முன் அவர் அதைத்தான் பார்ப்பார். அடித்தால் பரவாயில்லை. ஒன்றும் பேசாமல் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தறியைப் போட்டுவிடுவாரோ என்பதுதான் பயம். போட்டால் நான் போய் அணைப்பேன். தறி ஓடுகிற சத்தத்தில் இந்த வீட்டில் யார் பேசியதும் யாருக்கும் கேட்டதில்லை.

அணைத்துவிட்டு, பஸ்ஸில் நீ பாதியில் விட்டதை நான் முழுதாகக் கேட்பேன்.

"அப்பா, ஒரு பொட்டிக்குள்ளயே இவ்வளவு போயிருந்தா, அம்மாவுக்குள்ள எவ்வளவு போயிருக்கும்? உங்களுக்குள்ள எவ்வளவுங்க இருக்கும்?"