கொட்டகைக்குள் கற்பூரம் கூடாது

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் கடும் பனி. உறுவையாறு சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தே போனேன்.

விமான இன்ஜினில் கார்புரேட்டர் பொருத்தியாயிற்று. ஒன்பது சிலிண்டர்களுக்கும் புதிய பிளக். அடிப்பக்கத்தில் எண்ணெய் சொட்டுகிறது. கீழே தட்டு வைத்தேன்.

கோவிந்தசாமி அண்ணன் வந்தார். கொட்டகை அவருடையது. விமானமும்தான்: இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் பயிற்சி தந்த இரண்டு இருக்கை விமானம். அவருடைய தந்தை பழைய இரும்பு ஏலத்தில் எடுத்துப் போட்டது. நான்கு ஆண்டாக ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் அதைச் சீர்செய்து வருகிறோம். இப்போது கடற்கரை ஓட்டல்காரர் ஒருவர், மொட்டை மாடியில் அலங்காரமாக நிறுத்துவதற்கு அதைக் கேட்கிறாராம். ஞாயிறன்று பார்க்க வருகிறார்.

"அன்னிக்கு இன்ஜின் ஓடிச்சுன்னா வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். ஓடலன்னா மாடிக்கு ஏத்திடுவேன். அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

நியாயமான நிபந்தனை.

பிப்ரவரி 6, வெள்ளி

தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. பாதுகாப்பு அதிகாரி பொய் எழுதலாகாது. இது பொய்யன்று.

செல்வி வால் பகுதியின் துணியைத் தைத்து முடித்துவிட்டார். வில்லியனூரில் தையல் கடை வைத்திருப்பவர். ஞாயிறுகளை எங்களுக்குத் தந்துவிட்டவர். தையல் அபாரம். சொன்னேனா? சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

பூஜை போட அனுமதி கேட்டார். மறுத்தேன். "புது சைக்கிளுக்கே எலுமிச்சம்பழம் வெக்கறோம். இது இன்னா சார் பாவம் பண்ணிச்சு?" என்றார். பெட்ரோல் அருகே கற்பூரம் கூடாது. தேங்காய்ச் சில் சுழலும் புரொப்பெல்லரில் பட்டால் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். விளக்கினேன். பலகையும் எழுதி மாட்டினேன்: 'கொட்டகைக்குள் தீ, கற்பூரம், தேங்காய், பூ கூடாது.'

பம்ப்செட் மெக்கானிக் ஜெயசீலன் பலகையைப் படித்துவிட்டு, "சாமி வந்தா ஹெல்மெட் போட்டுக்கிட்டு வரணுமா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீடு திரும்பும் வழியில் நானும்.

பிப்ரவரி 7, சனி

வாங்கியவை: வடக்கயிறு, மணல் வாளி, காதடைப்பான். தீயணைப்பான் இரவல்.

புரொப்பெல்லரைக் கையால் சுற்றினோம். அடி சிலிண்டர்களில் தேங்கிய எண்ணெய் வெளியேற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு பெருமூச்சு.

மாலையில் கருவிக் கணக்கு சரி. ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் உருவம் வரைந்திருக்கிறேன். எது இல்லையென்றாலும் வெற்று உருவம் காட்டிக்கொடுக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. மனைவி: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ரெண்டு பஜ்ஜி சாப்ட்டீங்க."

பிப்ரவரி 8, ஞாயிறு

வானம் தெளிவு. காற்று மெலிது. உகந்த நாள்.

விமானத்தை வெளியே தள்ளி, வாலை இரண்டு டிராக்டர்களோடு கட்டினோம். சக்கரங்களுக்குப் பனங்கட்டை. வரப்பெல்லாம் ஆட்கள். ஓட்டல்காரர் வந்ததும் அவருடைய உதவியாளர் டேப்பை நீட்டி இறக்கையை அளக்கத் தொடங்கினார். அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

கருவிக் கணக்கு எடுத்தேன். ஓர் உருவம் வெறுமை. அரை அங்குல ஸ்பானர்.

காணாமற்போன கருவி இன்ஜினுக்குள் இருந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே நிறுத்தினேன். மூடியைக் கழற்றித் தேடினோம். உள்ளே விடவில்லை என்று ஜெயசீலன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். ஓட்டல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கோவிந்தசாமி அண்ணன் அருகில் வந்தார். "ஒரு ஸ்பானருக்காகவா சார்? அந்தாளு கிளம்பறேன்றாரு."

"ஆமாம் அண்ணே. கிடைக்கும்வரை ஸ்டார்ட் கிடையாது."

சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டு உழைப்பு மாடியேறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது செல்வியின் ஸ்கூட்டி. பட்டுப்புடவை. வாழையிலையில் சுற்றிய எதையோ நீட்டினார். ஸ்பானர். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

"கொட்டகைக்குள்ளதான கூடாதுன்னீங்க. அதான் காலையில இத மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துக்கினு போனேன். விமானத்தத் தூக்கிக்கினு போவ முடியுமா?"

பலகையில் அதற்கு விதி இல்லை. என் தவறு. பூவை மட்டும் எடுத்துவிட்டு ஸ்பானரை அதன் உருவத்தில் மாட்டினேன். விதிப்படி துடைத்த பிறகே மாட்ட வேண்டும். துடைக்கவில்லை.

மூடியைத் திரும்பப் பூட்டினோம். ஜெயசீலன் உள்ளே ஏறினான். நான் தீயணைப்பானோடு.

முதல் முறை: இருமல். இரண்டாம் முறை: வெறும் சுழற்சி, நின்றது. வரப்பில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மூன்றாம் முறை ஒரு சிலிண்டர் உறுமியது, இன்னொன்று, பிறகு ஒன்பதும். வெண்புகை. கரும்புச் சோகை பறந்தது, துண்டுகள் பறந்தன, டிராக்டர்கள் அதிர்ந்தன. எண்ணெய் அழுத்தம் சரியென ஜெயசீலன் கட்டைவிரல் காட்டினான். நானும் காட்டினேன், இரண்டு கைகளாலும். தீயணைப்பானைக் கீழே வைத்தது விதிமீறல்.

அந்த இரைச்சலில் அண்ணன் ஓட்டல்காரரிடம் போய் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதவியாளர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டதைப் பார்த்தேன்.

தையல் நன்றாயிருக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். அவருக்கும் கேட்கவில்லை. திரும்பக் கத்தினேன்.

காது இன்னும் இரைகிறது. பலகையில் சேர்க்க வேண்டியது: முதலில் கோயில், அதன் பிறகே கருவிக் கணக்கு.