நட்சத்திரக் குழாயின் அடியில்

என் அருமை அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மொட்டை மாடிப் பழுதுவேலை நேற்றுதான் முடிந்தது. நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

பாகம் பிரித்தபோது கீழ்வீடும் மொட்டை மாடியும் எனக்கு, இடையிலிருக்கும் மாடிவீடு உனக்கு. உன் அறை மூலையில் தண்ணீர் இறங்கியதும், "டேய், மேல இன்னா ஆச்சுன்னு கொஞ்சம் பாருடா" என்றாய். "உன் பாத்ரூம் பைப் ஒழுவுது, அத்தப் பாரு" என்று கதவைச் சாத்தினேன். அப்பாவின் வாரிசு வேலை உனக்குப் போனது. எம்.ஏ. படித்த நான் டுட்டோரியல்களில் தொண்டை வற்றக் கத்தினேன். அந்தக் கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் அண்ணி இறங்கி வந்தார். "தம்பி, மழைக்கு முன்ன சரி பண்ணிக் குடு. இல்லாங்காட்டி எர்ணாவூர்ல பொண்ணு வூட்டுக்கே பூட்றேன்."

தண்டையார்பேட்டையிலிருந்து கொத்தனார் பாயைக் கூட்டி வந்தேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் இரும்புக் குழாயருகே நின்றார். அங்கே சத்தம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலக் கேட்டது.

"யாரு சார் இத்த நட்டது? தளத்தையே ஓட்ட போட்டு வச்சிகீது!"

"நான்தான்."

"படிச்சவரு வேலையா சார் இது?"

உன் நட்சத்திரத்தைவிட என்னுடையது உயரத்தில் தெரிய வேண்டுமென்று ஒரு டிசம்பரில் கொத்தி நட்டது.

கொத்திப் பார்த்தால், குழாயைச் சுற்றித் தார், அதன்மேல் சிமெண்ட், மறுபடி தார். "யாரோ வருசா வருசம் அடச்சிகினே இருந்துக்கிறாங்க. குழாயப் புடுங்கிட்டு அடச்சிருந்தா அப்பவே நின்னுருக்கும்" என்றார் பாய்.

"அவருதான்" என்றார் அண்ணி. "நீ வேலைக்குப் போனப்புறம் ஏறுவாரு. புடுங்குங்கன்னா, தம்பி நட்டது, பேஜாராயிடுவான்னுவாரு."

எல்லாம் தெரிந்துமா என்னைப் பார்க்கச் சொன்னாய், அண்ணா? நானே பிடுங்கட்டும் என்றா?

குழாயைப் பிடுங்கினோம். ஓரத்தை முழுக்கக் கொத்தியெடுத்து, தண்ணீர் தங்காதபடி மூலையை வளைத்துப் பூசி, சுவரில் ஒரு முழம் ஏறும்வரை நீர்காப்புப் பூச்சு அடித்தோம். அது காய்ந்தபின் தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினோம். நேற்று உன் அறைச் சுவரில் கை வைத்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"இனி எங்கேயும் போக வேண்டாம் அண்ணி" என்றேன்.

"ஒழுவுறது நின்னுபோச்சு தம்பி. ஆனா இத்த அவரு இருக்கச்சொல்லோ செஞ்சிருக்கக் கூடாதா? இந்தச் செவுத்தப் பாத்துகினு நான் எப்பிடி இங்க குந்திகினு இருப்பேன்?"

இன்று காலை எர்ணாவூர் போய்விட்டார். ஆட்டோவில் பையை ஏற்ற வந்த என்னை விடவில்லை, தானே ஏற்றினார்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எர்ணாவூர் போய் அண்ணியைக் கூப்பிடுவேன், அண்ணா. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்றுவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறும் போவேன்.

உன் ஒரே தம்பி