முதல்ல என்ன, அப்புறம் என்ன

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நிரோஷாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பிள்ளை உண்மையாகவே சுகம். நான் சுகம் என்று எழுதிப் பழகின கை, அதனால் தானாக எழுதிவிட்டது. உன் முதுகு நோவுக்குப் பக்கத்து வீட்டு மயிலம்மாக்கா ஒரு எண்ணெய்ப் போத்தல் தந்திருக்கிறா. ஹெந்தளை எட்வேட் அண்ணன் லீவு முடிந்து சைப்ரஸுக்குத் திரும்புகிறார். எண்ணெயும், கருவாடும், இந்தக் கடிதமும் அவர் கையில் வருகின்றன. கருவாட்டு வாசம் கடிதத்தில் அடித்தால் கோபிக்காதே. என் எழுத்துக்கு ஏதாவது ஒரு வாசம் வேண்டாமா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ நினைப்பாய். வீடியோ கோலில் என் முகம் தெரியும், அது சொல்ல வந்ததைக் கெடுத்துவிடும். வொய்ஸ் மெசேஜ் போடலாம் என்று பேசிப் பேசி அழித்தேன். கேட்டுப் பார்த்தால் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, நான் வேலை செய்கிற ஹார்ட்வெயர் கடையில் உடைந்த பைப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் கத்துகிற மாதிரி இருந்தது. அதுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் பிள்ளையின் நியூஸ். வர்ஷினி இப்போது வெங்காயம் பிரிக்கிறாள். நான் சமைக்க உட்கார்ந்தால் பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், அழுகினது எனக்கு. காய்ந்த உடுப்பில் சொக்ஸுக்குச் சோடி தேடிக் கொடுப்பதும் அவள்தான். என்னுடைய சொக்ஸில் ஒன்றுக்கும் சோடி இல்லை என்று அவள் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கோப்பையிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றி, எதில் கூடப் பிடிக்கும் என்று பார்க்கிறாள். அந்த நேரத்தில் குசினிக்குள் வர வள்ளம் வேண்டும். தெருவில் போகிற பஸ்ஸின் போர்ட்டில் முதல் எழுத்தை வாசிக்கிறாள். மூலைக்கடை நோனாவிடம் பாணும் முட்டையும் அவளே சிங்களத்தில் கேட்கிறாள், தயவுசெய்து என்பதற்கு எனக்கு இன்னும் வாயில் வராத "கருணாகரலா"வையும் சேர்த்து.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. ஓ/எல் சோதனையில் கணக்கோடு மல்லுக்கட்டித் தோற்ற ஆளுக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வரும்? எயார்போர்ட்டில் நீ சொன்னதுதான். பிள்ளை அழுதால் போனைக் கையில் கொடுத்துவிடாதீங்க, அவளோடு கதைங்க, என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்க என்றாய். எல்லாம் செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கஷ்டமான பாடம். அதுவும் பாஸ் பண்ணிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

கடையிலிருந்து பழைய வொஷர், நட் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பேன். விழுங்க முடியாத பெரிய சைஸ் மட்டும்தான், பயப்படாதே. முட்டை அட்டையில் சைஸ் வாரியாக அடுக்குகிறாள். முக்கால் இஞ்சிக்கும் ஒரு இஞ்சிக்கும் வித்தியாசம் கடையில் நிற்கிற பெரிய ஆட்களுக்கே குழம்பும், இவளுக்குக் குழம்பாது.

இன்னொரு விளையாட்டும் உண்டு. வேலை விட்டு வந்து சோறு ஊட்டும்போது, இன்றைக்கு முதல்ல என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பேன். ஒழுங்காகச் சொல்லவேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் வாய்க்குள் போகவேண்டிய கவளம் அந்தரத்தில் நிற்கும். முதலில் எல்லாம் பூனையில் தொடங்கிப் பூனையிலேயே முடிப்பாள். இப்போது அச்சடித்த மாதிரி சொல்வாள். என் வாழ்க்கையில் நான் ஒருத்தருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அது என்னையே திருப்பி அடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, நான் கடையில் நிற்கும்போது உன் தங்கச்சி உஷாந்தி வந்து, வெள்ளவத்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று, பகலில் பிள்ளையைப் பார்க்கிற மயிலம்மாக்காவிடம் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறாள். சித்திதானே, நானும் சந்தோஷப்பட்டேன். பின்னேரம் சோற்றுக் கோப்பையோடு கேட்டேன், முதல்ல என்ன, அப்புறம் என்ன என்று.

முதல்ல பஸ்ஸில் போனோம் என்றாள். அப்புறம் படம் ஒட்டின ஒரு பெரிய வீடு. அங்கே ஒரு டீச்சர் வட்டம் போட்ட அட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டாவாம். இவள் வொஷர் என்று சொல்லியிருக்கிறாள். எந்த வொஷர் என்று அந்த டீச்சர் பாவம் முழிக்க, முக்கால் இஞ்சி என்றும் சொல்லியிருக்கிறாள். முக்கோணத்தைக் காட்டினால் சமோசாவாம். நான் சிரித்த சிரிப்பில் மயிலம்மாக்கா எட்டிப் பார்த்தா. சந்தோஷத்தில் ஒரு மீன் பெட்டீஸை உடைத்து அவள் வாயில் வைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடையன் பார், என்ன நடக்கிறது என்றே தெரியாமல் பெட்டீஸ் ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் அப்புறம் வந்தது. அப்புறம் அம்மா போனில் வந்தா. ஜனவரியிலிருந்து பிள்ளை தெஹிவளையில் சித்தி வீட்டில் இருந்து இந்த ஸ்கூலுக்கு வருவா, எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்க யாருமில்லை என்று அம்மா டீச்சரிடம் சொன்னா. அப்புறம் சித்தி, இதை அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா. சிவப்பு ஐஸ்கிரீம்.

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, யாருமில்லைன்னா நீங்களா?" என்று கேட்டாள்.

பதில் வரும்வரை அவளும் காத்திருந்தாள், நிரோஷா. நான் பழக்கின பழக்கம். சோறு ஆறுது, சாப்பிடு என்றேன்.

ஜனவரியில் நம் ஒழுங்கை முனை நேர்சரியில் சேர்ப்பது, பிள்ளை இரவில் நம் வீட்டில்தான் படுப்பது என்று நாம் இரண்டு பேரும் கதைத்து எடுத்த முடிவு உனக்கு ஞாபகம் இருக்கும். உன் மனசு மாறலாம். என் மனசும்தான் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஆனால் மாறினதை என்னிடம் சொல்லவில்லையே. உஷாந்திக்குத் தெரியும், அந்த டீச்சருக்குத் தெரியும், ஐஸ்கிரீம் கடைக்காரனுக்கும் தெரிந்திருக்கும். வீட்டில் சோறு வடிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது.

உஷாந்திக்குக் கோல் எடுத்தேன். அத்தான், என்னைக் கோபிக்காதீங்க, அக்காதான் சொல்ல வேணாம் என்றா, உங்களிடம் சொன்னால் நீங்க ஒரு ஜோக் அடித்து விஷயத்தைத் தள்ளிப் போட்டுவிடுவீங்களாம் என்றாள். அது உண்மைதான். அதற்கும் ஒரு ஜோக் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். திங்கட்கிழமை நீ வீடியோ கோலில் வந்தாய். நான் குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு இருந்தேன். நான் வெளியே போயிருப்பதாக நீ நினைத்திருப்பாய். அப்பாவிடம் ஏன் சொன்னாய், சொல்லாதே என்று சித்தி சொன்னாவே, நீ சொன்னதால்தானே இப்போ அப்பாவுக்குக் கவலை என்று பிள்ளையைக் கேட்டாய். நீ கத்தவில்லை, அன்பாகத்தான் கேட்டாய். மேலே கேட்க முடியாமல் பைப்பைத் திறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் சோறு ஊட்டும்போது வழக்கம் போலக் கேட்டேன். முதல்ல சோறு சாப்பிட்டேன் என்றாள். அப்புறம்? மறந்துட்டேன் என்றாள்.

எந்த வொஷர் எந்தக் குழியில் இருக்கிறது என்று மறக்காத பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு மறந்துட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதேதான். எனக்குக் கவலை வரக்கூடாது என்று, இந்த வயதில், என்னிடமிருந்து எதையோ தூக்கி ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிறாள்.

வெள்ளவத்தை ஸ்கூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல இடம் என்றால் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு நானும் வந்து அந்தச் சின்னக் கதிரையில் உட்காருகிறேன். வட்டம் என்றால் வட்டம், சேர்க்கிள் என்றால் சேர்க்கிள், அவர்கள் சொல்கிறதை அவள் படிக்கட்டும். காலையில் நானே பஸ்ஸில் கொண்டுபோய் விடுகிறேன். முதலாளியிடம் கேட்டும் விட்டேன், கொஞ்சம் பிந்தி வா என்றார். ஆனால் பின்னேரம் அவள் நம் வீட்டுக்கு வரட்டும், நிரோஷா. அவளைத் தெஹிவளைக்குக் கொடுத்துவிட்டு நான் இங்கே யாருக்கு வெங்காயம் உரிப்பது?

உன் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. அந்த ஊரில் நீ பார்த்துக்கொள்கிற கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டி நீ முதுகை உடைப்பது, நம் பிள்ளை நம்மைப் போல ஆகக்கூடாது என்றுதான். அந்த 'நம்மை'யில் நீ எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல என்று மட்டும்தான் நினைத்திருந்தால் அதையும் சொல்லிவிடு. தாங்கிக்கொள்வேன், கொஞ்சம் நாள் பிடிக்கும்.

வியாழக்கிழமை உனக்கு லீவு. அன்றைக்குக் கோல் எடு. முதலில் பிள்ளையிடம், அப்பாவிடம் எல்லாம் சொல்லலாம், சொன்னது பிழை இல்லை என்று உன் வாயால் சொல்லு. நான் ஆயிரம் தரம் சொல்லிவிட்டேன், அவள் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அதற்குப் பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லு. நான் ஜோக் அடிக்கமாட்டேன். நடுவில் பேசமாட்டேன். பிள்ளைக்குக் காத்திருக்கிற மாதிரியே காத்திருக்கிறேன். எனக்கும் சொல்லு, நிரோ. முதல்ல என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது.

எண்ணெயைச் சுடவைத்துப் பூசு. சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கிற ஒருவன்,
அழகர்.