இல்லாத விரல்

மார்ச் 3

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது. மெயிலில் எழுதினால் ரயிலில் பாதி படித்துவிட்டு "பிறகு பேசலாம்" என்று இரண்டு வார்த்தையில் தட்டிக்கழிப்பாய். அதனால்தான் காகிதம். உன் மகள் முன்பல் விழுந்து சிரிக்கிற படம் வந்தது. உன் உயரம் அவளுக்கும் வந்துவிட்டது, பாவம்.

போன வாரம் நிர்வாகத்திலிருந்து ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஏழாவது வருஷமாக அதே கதையைச் சொன்னேன். செல் இரண்டாகும் முன் தன் டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்கிறது. நகல் எடுக்கும் என்சைம் இழையிலிருந்து நழுவாமலிருக்க, ஒரு புரத வளையம் இழையைச் சுற்றி மாட்டிக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. மூடிய வளையத்தை யார் திறந்து மாட்டுகிறார்கள்? இன்னொரு புரதம், விரல் மாதிரி நீளும் தன் ஒரு பகுதியால் இழுத்துத் திறக்கிறது. லட்சக்கணக்கான மங்கல் படங்களைச் சேர்த்து அதன் உருவத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்த்தவர்கள் நாங்கள் மூவர்: எங்கள் ஆய்வகத் தலைவரான பெரியவர், என் தோழி (அதாவது நீ), நான். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தத் தடவை சொல்லும்போதே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் ஜனவரியில் அந்த விரலை வெட்டிப் பார்த்தேன். விரல் பகுதி மட்டும் இல்லாத புரதத்தைச் செய்து சோதனைக் குழாயில் விட்டேன். நகல் எடுப்பது நின்றிருக்க வேண்டும். வேகம்கூடக் குறையவில்லை. நான்கு தடவை செய்துவிட்டேன், புரதத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுத்திகரித்து.

பெரியவரிடம் போனேன். "ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா? நானூறு பேர் அந்தக் கட்டுரைய மேற்கோள் காட்டியிருக்காங்க. நானூறு பேரும் முட்டாளா?" என்றார்.

"இல்ல சார். நானூறு பேரும் நம்மள நம்புனவங்க" என்றேன். அன்றிலிருந்து என் காலை வணக்கத்துக்குப் பதில் இல்லை.

பழைய படங்களை முதலிலிருந்து திரும்பப் பார்க்கப் போகிறேன். உன் பழைய குறிப்பேடு இருந்தால் அனுப்பு.

என்றும் உன்,
முந்திரிக்கொட்டை


மார்ச் 15

அன்பு முந்திரிக்கு,

அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான்தான் என்பதில் இன்று மீண்டும் பெருமைப்படுகிறேன். எதிலும் முந்திக்கொண்டு தலையை நீட்டுவதை நீ இன்னும் விடவில்லை.

நீ ஒற்றைக்கட்டை. உனக்குப் பிடிவாதம் பிடிக்க நேரம் இருக்கிறது. எனக்கு ஜூன் பத்தாம் தேதி குழு கூடுகிறது. வேலை நிரந்தரமா, இல்லையா என்று அன்றைக்கு முடிவாகும். என் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்த விரல்தான் இருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்து மூலக்கூறு தேடித்தான் என் ஆய்வகத்தில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று ஊர் மாறிவிட்டேன், மகள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். இப்போதுதான் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள்.

நாலு டெஸ்ட் டியூப் சொன்னதைக் கேட்டு ஏன் குதிக்கிறாய்? விரல் போனால் வேறொரு பகுதி அந்த வேலையைச் செய்யலாமே. ஜூன் வரை பொறுத்துக்கொள், கும்பிட்டுக் கேட்கிறேன். அப்படியே பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், குப்பை என்று ஒதுக்கிய படங்களைக் கிளறாதே. அதில் வளையம் சும்மாவே திறந்து கிடப்பதுபோல் தெரியும். எல்லாம் உடைந்துபோன புரதம். நீ அதைப் பார்த்துப் பதறுவாய்.

குறிப்பேடு எந்தப் பெட்டியில் இருக்கிறதோ தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் ஒட்டடை


மார்ச் 27

ஒட்டடைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குப்பைப் படங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவற்றைத் தரம் பிரித்து ஒதுக்கியவள் நீ. ஒதுக்கியதோடு சரி, யாரும் அவற்றைச் சேர்த்து உருவம் எடுக்கவில்லை என்றுதான் கட்டுரையில் எழுதியிருக்கிறோம். பிறகு அதில் வளையம் திறந்து கிடப்பது உனக்கு எப்படித் தெரியும்?

நான் கிளறிவிட்டேன். ஐந்து லட்சம் படங்களில் இரண்டு லட்சத்தை ஒதுக்கியிருக்கிறாய். விரல் இருக்கும் என்று நினைத்துப் பெரியவர் வரைந்து தந்த மாதிரியை வைத்து, அதற்கு ஒத்துவராததையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறோம். மேகத்தில் யானை தெரிகிறது என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் எந்த மேகத்திலும் தும்பிக்கை தெரியும். மாதிரியே இல்லாமல் ஐந்து லட்சத்தையும் சேர்த்துப் பார்த்தேன். விரல் இல்லை. அந்த இடம் வெறும் இரைச்சல், அர்த்தமில்லாத புள்ளிகள். வளையம் தானாகவே திறந்து மூடுகிறது. மற்றப் புரதம், திறந்திருக்கும் நேரம் பார்த்து அதைப் பிடித்துக்கொள்கிறது. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? நாம் கண்டுபிடித்திருக்க வேண்டியது இதைத்தான்.

நேற்று வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்று வருஷமாக நம் விரலைத் தேடுகிறாளாம், ஒரு சோதனையும் சரியாக வரவில்லையாம். "என் கையில்தான் ஏதோ கோளாறு, இந்தத் துறையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்கிறாள். அவள் கையில் ஒரு கோளாறும் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் எனக்கிருந்த நேரத்தைப் பெரியவர் ரத்து செய்துவிட்டார். என் மேசையைக் குளிர்பதன அறைக்கு வெளியே, கம்ப்ரஸர் உறுமுகிற மூலைக்கு மாற்றிவிட்டார்கள். உறுமட்டும். நானும் உறுமுகிறேன்.

நம் கட்டுரை தவறு என்று, அதை வெளியிட்ட இதழுக்கு ஏப்ரல் கடைசியில் எழுதப் போகிறேன். நான் மட்டும் எழுதினால் ஆய்வகச் சண்டை என்று ஓரமாக வைப்பார்கள். நீயும் கையெழுத்திட்டால் படித்தே ஆக வேண்டும். போடுகிறாயா?

முந்திரி


ஏப்ரல் 9

முந்திரிக்கு,

தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். போதுமா?

கட்டுரை அனுப்புவதற்கு ஒன்பது நாள் முன்பு, மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு குறுகுறுப்பில் குப்பையைச் சேர்த்துப் பார்த்தேன். நீ இப்போது பார்த்ததைத்தான் பார்த்தேன். பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் வயிற்றைப் பார்த்தார். அப்போது எனக்கு ஆறு மாதம். "உன் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுதில்ல? கட்டுரை வந்தா நீட்டிக்கிறது சுலபம்மா" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. நான் அந்தக் கோப்பை மூடினேன். நீ சாப்பிட்டுவிட்டு வந்து, "ஏன்டி முகம் வெளுத்திருக்கு?" என்று கேட்டாய். பிள்ளை உதைக்கிறது என்றேன்.

நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். அவர் அதற்கு விரல் என்று பெயர் வைத்த அன்று முதலில் கைதட்டியது நீ. உன் பெயர்தான் கட்டுரையில் முதலில் வந்தது. அந்தப் படங்களை ஒரு தடவையாவது நீ திறந்து பார்த்தாயா? நான் பார்த்துவிட்டு மறைத்தேன். நீ பார்க்கவே விரும்பவில்லை. ஏழு வருஷம் கழித்து வந்து எனக்கு நீதி சொல்கிறாய்.

கையெழுத்து கிடையாது. என் மகளின் பள்ளிக்கூடத்தை உன் மனசாட்சிக்காக நான் இன்னொரு தடவை மாற்ற மாட்டேன். இனி எழுதாதே.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உன் ஒட்டடை


ஏப்ரல் 28

ஒட்டடைக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நீ சொன்னது உண்மை. நான் பார்க்கவில்லை. முதல் பெயர் என்னுடையது, அதனால் முதல் தவறும் என்னுடையதுதான். இதழுக்கு எழுதியதில் அப்படியே எழுதிவிட்டேன்: "படங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது, நான் செய்யவில்லை." உனக்குத் தெரிந்திருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதை நீ சொல்ல வேண்டும், அல்லது யாரும் சொல்லக் கூடாது.

நேற்று காலை அனுப்பினேன். மத்தியானம் பெரியவர் கூப்பிட்டார். "நீ வெட்டினது விரல இல்ல, உன் தலைய" என்றார். "தலை இருந்தாத்தானே சார் வெட்ட முடியும். ஏழு வருஷமா அது என்கிட்ட இல்ல" என்றேன். ஜூலையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள். பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த இரண்டு பிள்ளைக்காரிக்கும் எழுதிவிட்டேன், உன் கை சரி, எங்கள் படம்தான் தப்பு என்று.

உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். எப்படி இரண்டையும் சேர்த்து நினைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

முந்திரி


ஜூன் 14

முந்திரிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். மே மாதம் முழுவதும் வைராக்கியமாகத்தான் இருந்தேன்.

பத்தாம் தேதி குழு முன் நின்றேன். ஏழு பேர். நாற்பது நிமிடம் பேச வேண்டும். இதழிலிருந்து இன்னும் ஒரு அறிவிப்பும் வரவில்லை, அவர்களுக்கு எதுவும் தெரியாது. பேசிவிட்டு வந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும். முதல் படத்தைத் திரையில் போட்டேன், நம் விரல். "இது இங்க இல்ல" என்றேன். தலைவர் நான் தவறான படத்தைப் போட்டுவிட்டதாக நினைத்து, "பரவாயில்ல, சரியானதப் போடுங்க" என்றார். அடுத்ததைப் போட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் அந்த மத்தியானம் நான் எடுத்த உருவம். அழித்துவிட்டேன் என்று பெரியவரிடம் சொல்லியிருந்தேன். அழிக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"தெரிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. சொல்றதுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் ஆச்சு" என்றேன். யார் சொல்லி மறைத்தேன் என்பதையும் சொன்னேன். ஒருவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். மீதி முப்பத்தைந்து நிமிடமும் வளையம் எப்படித் தானாகத் திறக்கிறது என்று பேசினேன். அது எனக்கே ஆச்சரியம்.

நிரந்தரம் இல்லை என்று நேற்று கடிதம் வந்தது. மூட்டை கட்ட ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். மகளிடம் சொன்னேன். விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ஒரு வருஷம்னா நிறைய நாள்தானேம்மா" என்றாள். இதழுக்குப் போக வேண்டிய என் கையெழுத்தை இன்று அனுப்பிவிட்டேன்.

நீ என்னை மன்னித்தாயா என்று கேட்கப் போவதில்லை. உன்னை நானும் இன்னும் மன்னிக்கவில்லை. அது கிடக்கட்டும். ஒரு வருஷம் இந்த ஆய்வகம் என் கையில் இருக்கிறது. ஆகஸ்டில் மைக்ராஸ்கோப்பில் மூன்று நாள் வாங்கியிருக்கிறேன், உன்னைக் கேட்காமலே உன் பெயரையும் போட்டிருக்கிறேன். வந்து சேர். படங்களைத் தரம் பிரிக்கும்போது நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். இனி ஒரு படத்தைக்கூட நான் தனியாக ஒதுக்க மாட்டேன்.

ஒட்டடை