வரலட்சுமி போட்ட மார்க்

முத்தாபுதுப்பேட்டை,
18.9.1994

அன்பு மகன் குணசேகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கை வரலட்சுமியும் சுகம், ஜபல்பூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் தொடங்குமுன் நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள். நைனாவுக்கு ஃபாக்டரியில் ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்க்கிறோம்.

போன வருஷம் லீவில் வந்தபோது, காதில் யாரோ பேசுகிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்த தங்கையை நீதான் எங்களோடு சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய், அதற்கு உனக்கு ஒரு நல்ல வார்த்தைகூட நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், நீ நன்றாக இருக்கணும் அப்பா. மாத்திரையில் கத்தல் நின்றது, சாப்பிட்டாள், தூங்கினாள், குணமாகிவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன். மே மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே வசந்தா என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். வியாதியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, சிரித்துப் பேச ஆள் இருக்கிறதா, வெளியே போகிறாயா, உன் வாழ்க்கைக்கு நூற்றுக்கு எத்தனை போடுவாய் என்று தங்கையைக் கேட்டாள், அவள் வாழ்க்கைக்கு நான் எத்தனை போடுவேன் என்று என்னையும் தனியாகக் கேட்டாள். நான் எண்பது போட்டேன். உன் தங்கை இருபது போட்டிருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் வசந்தா என்னிடம் காரணத்தைச் சொன்னாள். "ஆராவது வந்தா அம்மா என்னை உள்ள போவ சொல்லுது. நான் நல்லா ஆயிட்டேன்னு சொல்றாங்க, ஆனா நான் கீறதே ஆருக்கும் தெரியலயே" என்றாளாம். நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகணுமே என்றுதான் மறைத்தேன் குணசேகரா, ஆனால் அதைக் கேட்டபோது பெஞ்சிலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வடிவு வந்தபோது வரலட்சுமியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தேன், மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் சொன்னேன். வடிவு வீட்டில் தையல் கிளாஸ் நடத்துகிறாள். "மாத்திரையில கை நடுங்குதா? அப்போ கத்திரி வேணாங்க்கா, பட்டன் கட்டட்டும், நாளைக்கே அனுப்பு" என்றாள். முதல் வாரம் தங்கை வடிவு வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். இப்போது தானே போகிறாள், கெங்கம்மாள் என்று ஒரு சிநேகிதி, இரண்டு பேரும் என்ன பேசுவார்களோ, தெருவே கேட்கச் சிரிக்கிறார்கள். காதில் அந்தப் பேச்சு சில நாள் இன்னும் கேட்கிறது என்கிறாள், மறைக்காமல் என்னிடம் சொல்கிறாள்.

போன வாரம் வசந்தா மறுபடி அதே கேள்விகளோடு வந்தாள். தங்கை ஐம்பத்தைந்து போட்டாள். அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டேன். "பாஸ் ஆயிட்டேன்மா, அது போதாதா" என்றாள். என் முறை வந்தபோது நான் நம்பர் சொல்லவில்லை, அவளுக்கு எப்படி இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்த வசந்தாவுக்கும் உனக்கும் வடிவுக்கும் சேர்த்தே தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு இரு. மறக்காமல் ஒன்று செய். இனிமேல் தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மேலே அவள் பெயரை மட்டும் எழுது. தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
தாயம்மாள்