ராணியைத் தொட்ட ஆட்டம்

அண்ணா,

உன் வெள்ளைச் சட்டை கொடியில் காய்கிறது. அம்மா சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தும் இரத்த வாடை போகவில்லை. எல்லோரும் படுத்த பிறகு, சிம்னி விளக்கைத் தணித்து வைத்து, அந்த வாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தருமபுரிப் பள்ளிக்கூடத்தில் மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. நீயும் அந்த அரூர்க்காரரும் அதுவரை யாரிடமும் தோற்கவில்லை. அவர் உன் குதிரையை வெட்டினார். நீ யானையைப் பலி கொடுத்து, அவர் ராஜாவைக் கோட்டைக்கு வெளியே இழுத்தாய். ஒவ்வொரு வெட்டுக்கும் நீங்கள் கடிகாரத்தை அறைந்த சத்தத்தில், ஜன்னலோரம் நின்ற நான் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தேன். பலகை முன்னால் மட்டும் உனக்கு வேறு முகம்.

அவர் ராணியைத் தொட்டார். அதை நகர்த்தினால் ராஜா சிக்கிவிடும் என்று தெரிந்ததும் கையை எடுத்தார்.

"தொட்டுட்டீங்க. அதத்தான் நகர்த்தணும்," என்றாய்.

"ஆமாங்க, தொட்டுட்டேன்." ராணியை நகர்த்தினார், தோற்றார், உனக்குக் கை கொடுத்தார்.

அவருடைய அண்ணனுக்கோ மரத்தடி ஆட்டம்தான் தெரியும். அங்கே காயை எடுத்து வைத்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் திருப்பி வைத்துக்கொள்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் நம்மை மறித்தான்.

"என் தம்பிய ஏமாத்தியாடா கப்பு வாங்கற? மாத்தி வெக்க உடமாட்டியோ?"

"ரூலு அதுங்க..."

நீ முடிப்பதற்குள் சைக்கிள் செயின் உன் கன்னத்தைக் கிழித்தது. விழுந்த பிறகும் விடவில்லை. கப்பைப் பிடுங்கி, அதன் அடிக்கட்டையால் உன் தலையிலேயே இடித்தான். அரூர்க்காரர் ஓடி வந்து அவன் கையில் தொங்கினார். "அண்ணே, உடுங்க! தோத்தது நாந்தாங்க!" அவருக்கும் அடி விழுந்தது.

காலையில் இன்ஸ்பெக்டர் அவனையும் கூட்டிக்கொண்டு விசாரிக்க வருகிறார். "பஸ்ஸுலருந்து வுழுந்துட்டான்னு சொல்லு," என்கிறார் அப்பா. "அவங்க ஆளுங்க நம்ம வூட்டு வாசல்ல வந்து நின்னுட்டுப் போயிருக்காங்க. எனக்கு மீதி இருக்கறது நீ ஒருத்தி."

வெளியே நாய் குரைத்தால் என் பேனா நின்றுவிடுகிறது. சொந்த அண்ணனுக்கு எதிராக அரூர்க்காரர் வாய் திறப்பாரா, தெரியாது. அவரை விட்டால் பார்த்த சாட்சி நான்தான்.

மண்ணில் கிடந்தபடி நீ கடைசியாகச் சொன்னது எனக்குத்தான். "பாக்காத பாப்பா, திரும்பிக்க."

நான் திரும்பிக்கொள்ளவில்லை, அண்ணா. அவன் கை ஓங்கிய ஒவ்வொரு முறையும் பார்த்தேன். கண்ணை மூடினாலும் அதுதான் தெரிகிறது. இன்ஸ்பெக்டர் கேட்கும்போது எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால், கையை நீட்டி அவனைக் காட்டுவேன்.