தாமான் வரிசையில் அம்மாவின் வாளி

தோட்டமே மண்டோர் ஐயா என்று அழைத்தபோதும், நான் மட்டும் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய என் அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அங்கேயும் தேநீரில் சீனியை அள்ளிக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? தட்டிக் கேட்க ஆள் இல்லை என்ற தைரியம். கேட்கிற ஆள் இங்கே கோலசிலாங்கூரில் என் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மா எங்கயும் ஒட்ட மாட்டா. நீதான்மா பாத்துக்கணும்" என்றீர்களே. நீங்கள் போன பிறகு தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவை எங்கள் தாமான் குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். நீங்கள் ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "என்னா இது, லயத்துக்கு இரும்புக் கேட்டு போட்டு வச்சிருக்கான்" என்று சிரித்த அதே வீடுதான்.

நீங்கள் சொன்னது சரிதான் அப்பா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டு மலாய் அக்கா, கக் சல்மா, மிளகாய்ச் சம்பால் வதக்கினால் நாங்கள் இருமுகிறோம். எதிர்வீட்டு மீன்காரர் ஆ சோங்கின் தொலைக்காட்சியில் ஓடும் சீன நாடகத்தில் யார் எப்போது அழுவார் என்பது எனக்கு மனப்பாடம். நம் நாட்டிலேயே செய்த புதுக் கார் ஒன்று கடைசி வீட்டுக்கு வந்தது. வரிசை முழுக்கப் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த நெரிசலில் எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டில் பிறந்தவளுக்குச் சத்தமில்லாத இடத்தில் தூக்கம் வருமா?

எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கக்கூட என்னிடம் கேட்டாள். உங்கள் மருமகன் வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். சோறு போட்டால், "போதும்மா, போதும்மா." நம் அம்மா என்னை 'மா' போட்டுப் பேசி நீங்கள் கேட்டதுண்டா?

"பொண்ணு வீட்ல காலு நீட்டி ஒக்கார முடியுமா? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க? தம்பிகிட்டயே போயிடறேன்" என்பாள். தம்பி உலு யாமில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். விடியுமுன் லோரி ஓட்டப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அந்த நான்கு சுவருக்குள் பகல் முழுவதும் அம்மா யாரோடு பேசுவாள்? நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் வறட்சி வந்தது. குழாய்கள் காற்றை ஊதின. முச்சந்திக்குத் தண்ணீர் லோரி வரும் என்று அறிவித்தார்கள். அம்மா காலையிலேயே தன் வாளியைக் கொண்டுபோய் முச்சந்தியில் முதலாவதாக வைத்துவிட்டுச் சமைக்க வந்துவிட்டாள். லயத்துப் பொதுக்குழாயில் அதுதானே வழக்கம்? வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் வாளியை நகர்த்துவது அவரைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். அப்படி நகர்த்திய ஒருத்தியோடு அம்மா ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்தாளே, மறந்திருக்க மாட்டீர்கள்.

லோரிச் சத்தம் கேட்டு நாங்கள் போனபோது ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அம்மாவின் வாளி ஓரமாய்ப் புல்லில் கிடந்தது. அம்மா வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்து புடவைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"ஒரு வாளித் தண்ணிக்கா அத்தை கோவிச்சுக்கிறாங்க? நான் புடிச்சாந்து தரேன்லா" என்றார் உங்கள் மருமகன். பாவம், அவர் டவுனில் வளர்ந்தவர்.

"தண்ணி கெடக்குது மாப்ள. என் வாளிக்கே எடமில்லாத ஊர்ல எனக்கென்னா வேல?" என்று சொல்லிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லச் சொன்னாள். போட்டேன். வேறென்ன செய்வது?

வாளியை நகர்த்தியது யார் என்று விசாரித்தால், கக் சல்மா! யாரோ மறந்துவிட்டுப் போன வாளி, லோரிச் சக்கரத்தில் நசுங்கிவிடுமே என்று எடுத்து ஓரமாக வைத்தாராம். லயத்து வாளி வழக்கத்தை நான் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாக்சிக் மாராவா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம்தான், பெரிய கோபம் என்றேன்.

மறுநாள் காலை அம்மா ஜன்னலோரம் நின்றவள் நகரவே இல்லை. என்ன என்று எட்டிப் பார்த்தேன். முச்சந்தியில் கக் சல்மாவின் நீல வாளி தனியாக நின்றது. அதற்கு முன்னால் சரியாக ஒரு வாளி வைக்கும் அளவுக்கு ஓர் இடம். அந்த இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "இந்தப் பொம்பளைக்கி வேற வேல இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பும்போது இருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! ஆ சோங்கின் மீன் பெட்டி, யார் வீட்டுப் பிள்ளையோ குளிக்கும் தொட்டி, பிஸ்கட் தகரம், அண்டா எல்லாம் ஆளில்லாமல் வரிசையில் நின்றன. வெயிலில் யாரும் காயவில்லை. எவனோ தன் வாளியை நைசாக முன்னால் தள்ள, "தா போலே லா! பெலாகாங், பெலாகாங்!" என்று அம்மா தெரிந்த மலாயில் அவனைப் பின்னால் விரட்டிய சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி எண்ணிய நீங்கள்கூட இவ்வளவு அதட்டியதில்லை. குழாயில் தண்ணீர் திரும்பி வந்தபோது அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி லோரியோடு வந்து நின்றான்.

"ஏறும்மா" என்றான்.

"இப்ப எப்புட்றா வர்றது? சல்மா அவங்கப்பா வீட்டுக்குக் கூப்புட்டிருக்கா, சுங்கை புரோங்ல நெல்லறுப்பு பாக்க. மீன்காரரு வாளமீன் எடுத்து வச்சிருக்காரு. நீ சாப்ட்டுட்டு இருட்டறதுக்குள்ள கெளம்பு."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனம் நிறைந்துவிட்டது அப்பா.

நேற்று ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். "இதுக்குப் பேரு ரசமாடி? எத்தன தடவ சொல்லியிருக்கேன், கொதிக்க வுடாதன்னு! ஏந்திரி, நான் வைக்கிறேன்" என்று ஒரு கத்து கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கக் சல்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. உங்கள் மருமகன் திகைத்துப்போய் என்னைப் பார்க்கிறார். நான் அடுப்பருகே நின்று சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தவிக்கிறேன்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மாவை இனி விருந்தாளி மாதிரி தாங்க மாட்டேன். அடுத்த முறை அவள் கத்தினால், நானும் திருப்பிக் கத்துவேன்.

உங்கள் ரசம் வைக்கத் தெரியாத மூத்த மகள்,
செல்வி